வியாழக்கிழமை அட்டை

ரத்த அழுத்தம் பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பேசினால் ஏறிக் காட்டும். நோரீன் ஹாடோ ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை. கையில் பட்டையைச் சுற்றும்போதே கோழி, மழை, சர்ச் பெண்களின் கேக் சண்டை என்று ஆரம்பித்துவிடுவார். முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, மறுபடி பார்த்து, அந்த எண்ணைத்தான் எழுதுவேன். நான் எப்படி வேலை செய்பவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இன்ஸ்பெக்டர். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். அதுவும் வருஷத்துக்கு ஒரு புது முகம். சர்க்கரை, அழுத்தம், தளர்ந்த இதயம் மூன்றையும் வைத்துக்கொண்டு நோரீன் நடமாடினார் என்றால், அது இந்த மருந்துக்கடைக்காரனால். அவருடைய மாத்திரைகளை நாள்வாரியாக, வேளைவாரியாகக் குமிழ் அட்டையில் அடைத்துக் கொடுப்பேன். வியாழக்கிழமை பழைய அட்டையைக் கொடுத்தால்தான் புதியது. உடையாத குமிழைப் பார்த்தாலே எந்த வேளை மறந்தார் என்று தெரிந்துவிடும். பெற்ற பிள்ளை கிளைவ் பிரிஸ்பேனிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். அவர் கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்த்தது நான்.

போன கோடையில் கிளைவுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. அம்மா தன்னோடு வந்து இருக்கட்டும் என்றான். அழுத்தம் கட்டுக்குள் இருந்து, காலும் வீங்காமல் இருந்தால் தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர்.

"எல்லாம் நீ தேத்திவிட்ட உடம்பு, மெர்வின். அதனாலதான் கெளம்ப முடியுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் நோரீன்.

நான் தேற்றிய உடம்பு. அதை முன்பின் தெரியாத கடையில் எவனோ பார்த்துக்கொள்வானாம். எனக்கு வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

முதலில் அவரைப் பேசவிட்டேன், அவ்வளவுதான். கிளைவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பட்டையை இறுக்கினேன். வந்த எண்ணை அப்படியே எழுதினேன். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் நீர் பிரியும் மாத்திரைக்குப் பதிலாக, அதே போல வெள்ளையாக இருக்கும் ஒரு வைட்டமினை வைத்தேன். தினமும் இல்லை. கால் வீங்கும் அளவுக்கு மட்டும். எனக்கு அளவு தெரியும். பயணம் தள்ளிப்போனது. நோரீன் கொஞ்சம் அழுதார். கண்ணைத் துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுத்தேன்.

இடையில் என் அக்காவின் அடக்கத்துக்காக ஹோபார்ட் போனேன். எனக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துக்கொண்ட பெண், டாக்டர் சீட்டில் உள்ளபடியே அட்டையை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. நான் திரும்பியதும் நோரீன் வந்தார்.

"நீ இல்லாத வாரந்தான்ப்பா என் காலு காலா இருந்துச்சு."

"வெயில் கொறஞ்சிருக்கும், நோரீன்."

"வெயிலா? தீனி மாறினா என் கோழிக்கே தெரியுது, மெர்வின்."

புது அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கையை நீட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். "மெர்வினையா சந்தேகப்படுற? வயசாச்சும்மா உனக்கு" என்று சிரித்தானாம். உங்களிடம் அவனே சொல்லி அழுதிருப்பான். அடுத்த மருந்துக்கடை இங்கிருந்து ஒரு மணி நேரம். அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். அதனால் வியாழக்கிழமை தவறாமல் வந்தார். நானும் பழைய அட்டையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். எல்லாக் குமிழும் உடைந்திருந்தன. சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்து, பழையபடியே அடைத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தாராம். பக்கவாதம். வீட்டை ஒழிக்க வந்த கிளைவ், குளிர்பெட்டி மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்கிறான். இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறதே, அதுதான்.

நேராகவே சொல்கிறேன். மாத்திரையை மாற்றியது நான். தெரிந்தேதான் செய்தேன். மற்றவர்களின் அட்டைகளையும் அள்ளிப் போயிருக்கிறீர்கள்; டெட் புரூமுடையதை முதலில் பாருங்கள். அவரும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்த டப்பாவை நன்றாகப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். அழுத்தத்துக்கு உள்ளது, இதயத்துக்கு உள்ளது, சர்க்கரைக்கு உள்ளது எல்லாமே கிடக்கின்றன. அவற்றில் நான் கை வைக்கவே இல்லை. ஒன்றைக்கூட விழுங்காமல் டப்பாவில் கொட்டிவிட்டு, காலி அட்டையைச் சிரித்த முகத்தோடு என்னிடம் நீட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவனிடம் அப்படி நடிக்கலாமா? என்னை நம்பியிருந்தால் நோரீன் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார்.