சிரித்தால் தானே எடுக்கும்

மார்ச் 14, வெள்ளி. நேற்றைய பதிவில் ஒரு பிழை. கேமரா பன்னிரண்டு மெகாபிக்சல் என்று எழுதியிருந்தேன். பெட்டியை மறுபடி பார்த்தேன், பத்துதான்.

பழைய கேமரா, சட்டைப் பையில் அடங்கும். பாண்டியில் வாங்கினேன். பனிக்காட்சிக்கு என்று அதில் ஓர் அமைப்பு இருக்கிறது. மரக்காணத்தில் பனிமலை ஏது? ஆனால் உப்புக் குவியலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. முகத்தைக் கண்டால் மஞ்சள் கட்டம் போடும். சிரித்தால் தானே எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் திங்கட்கிழமை மாலை வகுப்பில் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசத் தயாரித்துப் போயிருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, என்னோடு அதே உப்பளத்தில் வேலை பார்க்கும் காசிலிங்கம் குறுக்கிட்டான்.

“ஏம்பா, இது கேமராவா, சோப்பு டப்பாவா? என் போன்ல மூணு கண்ணு இருக்குதுடா.”

வகுப்பே சிரித்தது. பாடம் எடுக்கும் வினோதினி மிஸ்கூட.

புதன்கிழமை, உப்பளத்து ஓரத்தில் பம்பைக் கழற்றிவிட்ட பழைய கிணற்றைத் தென்னங்கீற்றால் மூடினேன். திறந்த கிணறு படத்தில் அசிங்கமாகத் தெரியும். காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கீற்றின் மேல் உப்பைத் தூவியது சற்று அதிகப்படியோ என்று இப்போது தோன்றுகிறது.

வியாழன் மதியம் காசிலிங்கத்தை வெயிலைப் பார்த்து நிற்கவைத்தேன். உப்பு வெளிச்சத்தில் அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

“இன்னும் பின்னாடி போடா. ஜூம் வேலை செய்யல.”

“இப்படியே போனா பாண்டிக்கே போயிடுவேன். டப்பாவுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துட்டு வா.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். கேமரா எடுத்துவிட்டது, நான் பொத்தானைத் தொடவே இல்லை. அடுத்த அடியில் கீற்று முறிந்தது. மஞ்சள் கட்டம் கொஞ்ச நேரம் அவனைத் தேடிவிட்டு ஓர் உப்புக் குவியலின் மேல் போய் உட்கார்ந்தது.

ஜூம் நன்றாகவே வேலை செய்கிறது.

“கயிறு போடுடா” என்று கத்தினான். கயிறு இருபதடி தள்ளி, கொட்டகையில் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதியை நான் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

கால் தவறி விழுந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இன்று அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு அவன் அண்ணன் அசோகன் வந்தார். அந்தச் சிரிப்பைத் திரையில் பார்த்து அழுதார். “உயிரோட நிக்கற மாதிரியே இருக்குதுப்பா. நல்ல கேமரா” என்றார். இதை ஒருவர் பாராட்டுவது இதுவே முதல் முறை. எனக்கும் கண் கலங்கியது.

நாளை: காலை ஒன்பது மணிக்குப் பேனர் கடை. கார்டைக் கொடுக்குமுன், கிணற்றுக்குள் பார்த்து எடுத்த பதினொரு படங்களையும் அழிக்க வேண்டும், ஒன்பதாவதைத் தவிர. அது நல்ல தெளிவு. மாலை வகுப்பில் காட்ட வேண்டும்.