சுண்டுவிரல் ஊன்றாதவர்

பழைய கித்தாருக்குப் பிக்கப் பொருத்த வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காப்பிக்குச் சீனி எவ்வளவு என்பதைத்தான். இது அவசரப்பட்டு மரத்தில் கை வைக்கிற வேலை இல்லை. உட்கார்ந்து பேச வேண்டும், வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், எந்த மாதிரி ஓசையை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். குளுவாங் சந்தைக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் என் பட்டறை. மனைவி லூசி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் அங்கேயே வந்துவிட்டேன். பேச்சுத் துணை வேண்டுமென்றால் யாராவது கித்தாரோடு படியேறி வந்தால்தான் உண்டு.

மரியநாதன் அண்ணன் அப்படிப் படியேறி வந்தவர். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். அவர் பெட்டியைத் திறந்ததும் நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன். அது ஆர்ச்டாப் வகைக் கித்தார். வயலினைப் போல மேல்பலகை வளைந்து எழும்பியிருக்கும், நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் நீண்டு நெளிந்த துளைகள் இருக்கும். அவருடைய மாமனார் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் கப்பல் வாத்தியக் குழுவில் இருந்த பிலிப்பினோக்காரர் ஒருவரிடம் வாங்கியதாம். தேன் நிறம். ஒரு கீறல் கிடையாது.

கீறல் இல்லாததற்குக் காரணம் இருந்தது. மேல்பலகையில் விரல் பட்டால் மெருகு போய்விடும் என்று அந்த மாமனார் சட்டம் போட்டிருந்தார். மாப்பிள்ளையும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வலது கையை எங்கும் ஊன்றாமல் காற்றில் மிதக்கவிட்டே வாசிப்பார். பெரும்பாலானவர்கள் சுண்டுவிரலை ஊன்றித்தான் வாசிப்பார்கள். நானும் அப்படித்தான்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலின் கூடத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கிற மூவர் குழு அவரைக் கூப்பிட்டிருந்தது. பியானோவுக்கு நடுவில் இந்தக் கித்தாரின் குரல் எடுபடாது. அதனால்தான் பிக்கப், கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற சின்னக் கருவி.

"இத்தன வயசுக்கு இப்பதான், தம்பி, ஒருத்தன் என்னைய நம்பிக் கூப்பிட்டிருக்கான். கெடுத்துறாம செஞ்சி குடு லா" என்றார்.

வழிகள் மூன்று இருந்தன. மேல்பலகையை வெட்டி, பிக்கப்பை உள்ளே இறக்குவது ஒன்று. சத்தம் கனமாக வரும், ஆனால் பலகை செத்துப்போகும். கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு அடியில் சின்ன வில்லை ஒன்றை வைப்பது இன்னொன்று. அதில் ஓசை தகரம் மாதிரி கேட்கும். மூன்றாவது, மரத்தைத் தொடாமல், மேல்பலகைக்கு மேலே இடைவெளி விட்டு நிற்கும் விரல் காப்புப் பலகையில் பிக்கப்பைத் தொங்கவிடுவது. ஓசையைக் கூட்டிக் குறைக்கும் உலோகக் குமிழையும் அந்தக் காப்புப் பலகையிலேயே பொருத்திவிடலாம். நான் மூன்றாவதைச் சொன்னேன். அது சரியான யோசனை. இன்றும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வேலையை நிதானமாகச் செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். தான் இல்லாமல் கித்தாரைத் திறக்கக் கூடாது என்பார். நான் அளந்துகொண்டும் இழைத்துக்கொண்டும் இருக்க, அவர் கடையில் கிடக்கும் ஏதாவதொரு கித்தாரை எடுத்து வாசிப்பார், கீழேயிருந்து ரொட்டி சானாய் வாங்கி வருவார், பாதிரியாரின் பிரசங்கத்தை அப்படியே நடித்துக் காட்டுவார். லூசி போன பிறகு அந்த அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூடப் பிறந்த அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

எந்த வேலையும் ஒரு நாள் முடியத்தானே வேண்டும். முடிந்தது, எடுத்துக்கொண்டு போனார். முதல் வெள்ளிக்கிழமையே கித்தார் இரைந்தது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓயாத ஒரு இரைச்சல். மறுநாள் காலையிலேயே முகம் தொங்கிப்போய் வந்து நின்றார். நான் வாங்கி வாசித்தேன். இரைச்சல் இல்லை. அவரிடம் கொடுத்தேன். இரைந்தது.

"என்னா தம்பி இது, ஒன் கையில கம்முனு இருக்கு. நான் தொட்டா மட்டும் கத்துது?"

"சில பேரு ஒடம்பு வாகு அப்படிண்ணே. வேர்வையா இருக்கலாம். கொஞ்சம் பாப்போம், விட்டுட்டுப் போங்க."

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கையில் பவுடர் போட்டுப் பார்த்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். மனைவியை அடக்கம் செய்தபோதுகூட அதைக் கழற்றாதவர். சோப்பு போட்டு, விரல் சிவக்கச் சிவக்க இழுத்துக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்போதும் இரைந்தது. இரைச்சல் நிற்கும்வரை மோதிரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார்.

இந்த இடத்தில் நான் விளக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆர்ச்டாப்பில் கம்பிகளின் வால்பக்கத்தை ஒரு உலோகச் சட்டம் இழுத்துப் பிடித்திருக்கும். அந்தச் சட்டத்திலிருந்து குமிழுக்கு மெல்லிய ஒயர் ஒன்று போக வேண்டும். அது இருந்தால், வாசிக்கிறவர் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கிவிடும். அது இல்லாவிட்டால் அடங்காது. வாசிக்கிறவரின் விரல் அந்த உலோகக் குமிழைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அடங்கும். நான் என் சுண்டுவிரலைக் குமிழில் ஊன்றி வாசித்தேன். அவர் எதிலும் விரல் ஊன்றாதவர்.

அந்த ஒயரை நான் பற்றவைக்கவில்லை. மறந்துபோகவில்லை. வேலையின் கடைசிச் சனிக்கிழமை, ஈயம் உருகித் தயாராக இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இதை வைத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை இந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று தோன்றியது. ஒயரின் நுனியைச் சட்டத்துக்கு அடியில் மடித்து வைத்தேன். பார்வைக்குச் சேர்ந்த மாதிரியே இருக்கும். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். அதிகப்படியான ஆசை என்று எனக்குப் படவில்லை.

மூவர் குழு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவரைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் அதைக் காப்பி குடித்தபடியே சொன்னார். காதைப் பரிசோதித்துக்கொண்டார், காதில் குறையில்லை. அப்படியானால் கோளாறு கையில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார். பூசையில் வாசிப்பதையும் நிறுத்திவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தார்.  அன்றைக்கு அவருக்குப் பிடித்த ரொட்டியை நானே இறங்கிப் போய் வாங்கி வந்தேன்.

அவருடைய மகள் எலைன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். "அங்கிள், அப்பாக்குக் கண்ணுல பொரை. ஆபரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் மழையில பைக் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பாரு." சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்டறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன் எடுத்து, "கோளாறு என்னான்னு கண்டுபிடிச்சிட்டேண்ணே" என்றேன்.

நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். துண்டு கொடுத்தேன். கித்தாரை மடியில் வைத்துக்கொண்டார். கையை மிதக்கவிட்டு ஒரே ஒரு தடவை மீட்டினார். இரைந்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"போதும் திமோத்தி. இது என் கைக்கு ஒத்துக்கல. நீயே வச்சிக்கோ. ஒங்கிட்டன்னா அமைதியா இருக்குது."

காப்பி குடிக்காமல் இறங்கிப் போனார். கோத்தா திங்கி போகிற சாலையில், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஓரமாக நின்ற லாரி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அடக்கத்தின்போது பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் என் மேசையில் விட்டுப்போன மோதிரத்தை எலைனிடம் கொடுத்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பிறகு ஒயரைப் பற்றவைத்தேன். போட்ட காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவரைப் போலவே கையை மிதக்கவிட்டு வாசித்துப் பார்த்தேன். துளி இரைச்சல் இல்லை. அப்படியொரு குரலை அவர் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் தாங்க முடியவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொல்லவில்லை. அன்பினால் செய்ததை எந்தப் பாவத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

போன மாதம் எலைன் வந்தாள். அப்பா நினைவாகக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அவளிடம் கார் இல்லை, அப்பாவைப் போல மோட்டார் சைக்கிள்தான். வாசித்துக் காட்டச் சொன்னேன். தாத்தாவின் சட்டம் அவளுக்கும் வந்திருந்தது, கை காற்றில் மிதந்தது. அவளுக்கும் இப்போது யாருமில்லை. பார்த்துக்கொள்ள ஒரு மனிதர் வேண்டாமா? அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள், கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துத் தருகிறேன் என்றேன். வந்து எடுத்துப் போனாள்.

நேற்றுப் போன் செய்தாள். "அங்கிள், நான் வாசிச்சா ஏதோ இரையுது. என் கையில ஏதும் கோளாறா?"

சில பேர் உடம்பு வாகு அப்படி, பயப்படாதே, சனிக்கிழமை கொண்டு வா என்றேன். மழை பெய்தால் மெதுவாக ஓட்டி வா என்று சொல்லவும் நான் மறக்கவில்லை.