புது ஆல்பம் பற்றி என் கருத்து

அந்தப் புது ஆல்பம் எல்லாரும் சொல்கிற அளவுக்கு மோசமில்லை, மேடம். பன்னிரண்டு பாட்டில் மூன்று தேறும். டிரம்ஸ் மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கீச்சல். ஏன் இப்படி ஆனது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பதினொரு தடவை கேட்டேன். கருத்துச் சொல்வதென்றால் முழுசாகக் கேட்டுவிட்டுத்தானே சொல்ல வேண்டும்.

நான் அந்த இசைக்குழுவின் ரசிகன் இல்லை. ஒரு காலத்தில் இருந்தேன். அப்பா எங்களை விட்டுப் போன வருஷம், வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளாத வருஷம், அக்காவும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டபடி கிடந்தோம். ஐந்தாவது ஆல்பத்தோடு நான் விட்டுவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. பிடிப்பு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். அக்கா இன்னும் கேட்கிறாள். புதுசைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லாத்தான்டா இருக்கு. அவங்களுக்கும் வயசாகுது இல்ல" என்றாள். அக்காவுக்கு எதுவுமே நன்றாகத்தான் இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது, கருவி பொருத்த அளவெடுப்பது. பதினேழு வருஷமாக அதே அறை. என் மேல் ஒரு புகார் கிடையாது.

அன்று காலை மூன்றாவது ஆளாக வந்தவர் அந்தக் குழுவின் பாடகர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முன்தலையில் முடி இல்லை. சோதித்துப் பார்த்தேன். ஸ்பூன் கீழே விழுகிற சத்தம், குருவிச் சத்தம் மாதிரி மெல்லிய, கூர்மையான ஒலி எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் அந்த ஆல்பம் எனக்குப் புரிந்தது. தன் காதுக்கு எட்டும்வரை கீச்சலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார், பாவம்.

"எங்க பாட்டு கேப்பீங்களா?" என்றார்.

"முன்னாடி கேட்டேன்."

சிரித்தார். "என் பொண்ணும் இதேதான் சொல்றா. புதுசு எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

ஒவ்வொரு பாட்டாகச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். இப்படி முகத்துக்கு நேராக யாருமே சொல்வதில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்:

"காது மிஷின் வந்ததும் முதல் ஆல்பத்தை மறுபடி பாடப் போறோம். அப்ப ஒண்ணும் தெரியாம பாடினது. குரல் முழுக்கப் பிசிறு. மொத்தத்தையும் திருத்திடலாம்."

அந்தப் பிசிறு எந்தப் பாட்டில், எந்த வரியில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அளவெடுக்க, காதுக்குள் ஒரு பசையை ஊசிக்குழலால் செலுத்துவோம். ஐந்து நிமிடத்தில் அது ரப்பர் மாதிரி இறுகிவிடும். அதற்கு முன்னால் நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைக்க வேண்டும். பசை செவிப்பறையைத் தொடாமல் தடுப்பது அந்தப் பஞ்சுதான். பாடுகிறவர்களுக்கு வாய் திறந்த நிலையில் அளவு வேண்டும் என்பதால் பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுப்போம். கொடுத்தேன். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் எடுப்பேன் என்றேன். அசையக் கூடாது என்றேன். பஞ்சு வைக்கவில்லை.

வலது காதில் பசை இறங்கியதும் அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். இடது காதுக்குப் போனபோது கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் சார், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன். பொறுத்துக்கொண்டார். என்னை நம்பினார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். இறுகியதை வெளியே இழுத்தபோது செவிப்பறையும் கூட வந்தது.

மூன்று அறுவை சிகிச்சை செய்தும் வலது காது போய்விட்டது என்கிறார்கள். இடது காதில் இரைச்சல் மட்டும்தானாம். மறுபதிவைக் கைவிட்டுவிட்டார்கள். முதல் ஆல்பம் இருந்தபடியே இருக்கிறது.

மருத்துவமனை விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். வேலைப்பளு என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் நம்புகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அன்று எனக்குப் பளு ஒன்றும் இல்லை, மேடம். தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தில் இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. தான் செய்யப்போவது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்த நான் தடுத்தேன். கேள்வி ஞானம் உள்ள எவனும் இதைத்தான் செய்திருப்பான்.

போன வாரம் அவர் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். தவறு யாருக்கும் நேரும், மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள், உங்களை மாதிரி நேர்மையாகக் கருத்துச் சொன்னவர் யாரும் இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவிடம் அதற்குக் கண்ணாடி போட்டு ஒரு சட்டம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். ஜெயிலில் அதை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, மேடம்?