அப்பாவை யார் தூக்குவது

அக்கா: ...மெதுவா, மெதுவா. கட்டில் சட்டத்தை விடுங்கப்பா. கொஞ்சம் தரையிலயே உக்காருங்க.

அப்பா: விழுந்துட்டேனா?

அக்கா: விழல. இறக்கி வெச்சேன். என் கைதான்... மூச்சு வாங்கிட்டுத் தூக்குறேன்.

தங்கை: என்னக்கா, ஆனைக்கும் அடி சறுக்குதா?

அக்கா: பேசாம காலைப் பிடிடி.

தங்கை: பிடிக்கிறேன். அதுக்கு மேல கேக்காதே. நான் அம்மா உடம்பு, ஊதினா பறந்துடுவேன். நீதான் அப்பாவை உரிச்சு வெச்ச மாதிரி...

அப்பா: ஆமாமா. மூட்டை தூக்கின பரம்பரை. அதெல்லாம் பிறவியிலயே வரணும்.

அக்கா: பிறவி! நீங்க படுத்த புதுசுல உங்களை அசைக்கக்கூட முடியல என்னால. பாத்ரூம்ல போய் அழுதேன், தெரியுமா?

தங்கை: நீயா?

அக்கா: நானேதான். அப்புறம்தான் ஜிம்முக்குப் போனேன். எலும்பு அப்பா குடுத்தது, சரி. அதுல பலம் ஏத்தினது யாரு? உள்ளங்கையைப் பாரு, காய்ச்சுக் கிடக்கு.

அப்பா: காலையில நடக்கப் போறேன்னுதானேம்மா சொல்லுவே...

அக்கா: உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொன்னேன்.

தங்கை: இப்ப கைக்கு என்ன?

அக்கா: தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்காம். ஒரு வாளி தண்ணிகூட தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். போன மாசமே.

தங்கை: அதோடயா தினமும்... ஏன்க்கா சொல்லல?

அக்கா: சொல்லி? நீ தூக்கப்போறியா, நோஞ்சான்?

தங்கை: முதல்ல அந்தத் தோளைக் காட்டு.

அக்கா: எங்க ஆபீஸ்ல, வெளியூர்க் கிளைக்கு மேனேஜரா போகலைன்னும் சொல்லிட்டேன். வீட்டுல அப்பாவைத் தூக்க ஆள் இல்லைன்னு.

தங்கை: சொல்லிட்டியா? நாளைக்குத்தானே பதில் சொல்லணும்னே?

அக்கா: நாளை வரைக்கும் வெச்சிருந்தா மனசு ஆசைப்படும். இனிமே கூப்பிட மாட்டாங்க. விடு. அலுத்துப்போச்சு. நகரு, தூக்குறேன்.

தங்கை: நீ நகரு.

அக்கா: ஏய், விளையாடாதே. அவரைப் போட்டுடப்போறே...

தங்கை: அப்பா, கழுத்தைக் கட்டிக்கோங்க. ம்ம்... அவ்வளவுதான். வந்தாச்சு.

அக்கா: அடிப்பாவி!

அப்பா: தலையணை... தலையணையை இழு.

அக்கா: முதுகு வளையல, மூச்சு வாங்கல. இது எடுத்த எடுப்புல வராதுடி. எங்க பழகினே?

தங்கை: அதே ஜிம்தான். நீ காலையில, நான் ஆபீஸ் விட்டு வர்ற வழியில. அம்மா உடம்பாச்சே, லேசுல ஏறல. உனக்கு ஒரு மாசத்துல வந்தது எனக்கு வர நாலு மாசம் ஆச்சு.

அக்கா: எப்பலேர்ந்து தூக்க முடியுது உன்னால?

தங்கை: அக்கா... உங்க ஆபீஸுக்கு இன்னொரு தடவை போன் பண்ணிப் பாரேன்.

அக்கா: கேட்டதுக்குப் பதில் சொல்லு! அப்பா, நீங்க ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க? சொன்னதும் பழகின மாதிரி கழுத்தைக் கட்டிக்கிட்டீங்களே... உங்களுக்குத் தெரியுமா?

அப்பா: நீ வெளியில போற நாள்ல எல்லாம் அவதான்மா தூக்குவா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னது நான்தான். சொன்னா நீ போயிடுவியே...