செல்லதுரை முடுக்கிய கதவு

— செல்லதுரை அண்ணே, இந்தக் கரிக்குழாய்க் கதவுல இருந்த போல்ட்ட யாரு மாத்துனது?

— நாந்தான் ஜெயசுதா மேடம். பன்னெண்டும் நாந்தான். காலையில விழா மேடைய நிறுத்துனதும் நாந்தான். யானைய விட்டு இழுத்தாலும் இந்தக் கதவு அசையாது. மைக்குல என் பேரச் சொல்லிட்டாங்களா?

— இன்னும் வரவேற்புரையே முடியல. அண்ணே, இந்தக் கதவு அசையணும்.

— எது?

— பிச்சுக்கிட்டுப் போகணும். கரித்தூள் போற குழாய்க்குள்ள கேஸ் சேந்து வெடிச்சா, மொதல்ல இந்தக் கதவு பிச்சுக்கிட்டு பிரஷர வெளிய விட்டுரும். குழா தப்பிக்கும், ஆளும் தப்பிக்கும்.

— சேஃப்டி ஆபீசர் சொல்ற பேச்சா இது? பிச்சுக்கிட்டுப் போகத்தான் கதவுன்னா, சும்மா ஓட்டையா விட்டுருக்கலாம்ல?

— காத்து உள்ள போயி தீப்புடிக்கும்ண்ணே.

— அப்ப கதவு வேணும், ஆனா கதவாட்டம் இருக்கக் கூடாது. நல்லா இருக்கு நியாயம்.

— அதுக்குத்தான் லேசுல ஒடையுற மாதிரி மெலிசு போல்ட்டா போட்டிருந்தாங்க.

— அதப் பாத்துத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு மேடம். ஒவ்வொண்ணுலயும் நடுவுல வெட்டு. ஸ்டோர்ல எவனோ நல்லதத் தள்ளிட்டு நோஞ்சானா மாட்டிட்டான்னு நெனச்சு, முழு ஸ்டீலு போட்டேன்.

— இன்னும் கால் மணி நேரத்துல ஜி.எம். மேடையிலேருந்தே சுவிட்ச அமுக்குவாரு, கரி அரைக்கிற மில்லு ஓடும். அவர்ட்ட சொன்னா, பாதுகாப்பு வார விழா முடியட்டும்மா, பாதுகாப்ப அப்புறம் பாப்போம்ங்கிறாரு. கழட்டுங்கண்ணே.

— நானா? இருவத்தாறு வருசம் மேடம். செல்லதுரை முடுக்குனது கழண்டுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அதுக்குத்தான் இன்னைக்கு சால்வ போத்துறாங்க. எம் பொண்டாட்டி சம்பூர்ணம் திருமானூர்லேருந்து பஸ் புடிச்சு, கல்யாணப் பட்டக் கட்டிக்கிட்டு மொத வரிசையில ஒக்காந்திருக்கா. அவ வந்த அன்னைக்குப் பாத்து என் வேலைய நானே கழட்டுறதா? மானம் போவுது.

— இந்தக் குழாய்க்குப் பக்கத்துல இன்னைக்கு டூட்டி யாருக்கு?

— தர்மனுக்கு.

— தர்மன் யாரு உங்களுக்கு?

— மச்சான். சம்பூர்ணத்தோட கூடப்பொறந்தவன்.

— அப்புறம் என்னண்ணே?

— தள்ளுங்க மேடம். அந்த ஸ்பானர இப்புடிக் குடுங்க.

— ரொம்ப நல்லதுண்ணே. பழைய போல்ட்டு பன்னெண்டும் எங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?

— ஒரு நட்டு வீணாப் போக விடமாட்டேன் நான். ஒண்ணு கூட கொறையாது.

— அப்பாடா. அதத்தான் திரும்ப இங்க மாட்டணும். அந்தா, மைக்குல உங்க பேரு. உங்க சம்சாரத்தையும் சேத்து மேடைக்குக் கூப்புடுறாங்க. ஆபீசருங்க எல்லாம் சால்வ போத்த எந்திரிச்சு நிக்கிறாங்க. எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் ஓடிப்போயி எடுத்தாரேன்.

— மொதல்ல சம்பூர்ணத்த ஏற வேணாம்னு சொல்லுங்க மேடம்.

— ஏண்ணே?

— மேடைக்கு போல்ட்டு பத்தல. அந்தப் பன்னெண்டையும் போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன்.