ஆறு கட்டம்

— அப்போ நாங்க ரெண்டு பேரு இல்ல, ஒரே ஆளுதான்றியா சார்?

— நான் சொல்லல. மிஷின் சொல்லுது.

— மிஷினுக்குக் கண்ணு கீதா?

— கண்ணு இல்ல, கட்டம் இருக்கு. இந்த அட்டையைப் பாரு. பேருக்கு ஆறு கட்டம். அப்பா பேருக்கு ஒரு கட்டம். அதுக்கு அங்கிட்டு பிறந்த தேதி. உன் பேரு ஆரோக்கியசாமி. இங்கிலீஷ்ல எழுதினா ஆறு எழுத்துக்கு ‘ஆரோக்கியா’ன்னு வரும். அதோட கட்டம் தீந்துபோச்சு.

— சாமி?

— சாமிக்கு இடமில்ல.

— தம்பி பேரு ஆரோக்கியநாதன் சார்.

— நாதனுக்கும் இடமில்ல. அவனும் ஆரோக்கியா. அப்பா பேரு இன்னாசி, ரெண்டு பேருக்கும் அதே ஒரு எழுத்து.

— ஒரே நைனாதான் சார். அதுல ஒண்ணியும் சந்தேகம் வாணாம்.

— பிறந்த தேதியும் ஒண்ணு.

— ரெட்டப் புள்ளைங்களுக்கு வேற எப்புடி இருக்கும்?

— அதைத்தான் சொல்லுதேன், கேட்டியா. பேரு, அப்பா எழுத்து, தேதி, மூணும் ஒத்துப்போனா ரெண்டாவது அட்டையைத் தள்ளிருன்னு புரோகிராம்ல ஒரு வரி இருக்கு.

— அந்த வரிய எழுதின கஸ்மாலம் யாரு சார்?

— நான்தான்.

— மன்ச்சிக்க சார். வாய்ல வந்துட்ச்சு.

— பரவாயில்ல. என் பொண்டாட்டி இதைவிட நல்லாவே சொல்லுவா. இங்க ஒருத்தன் செத்துப்போன மச்சானோட நம்பர் டோக்கனையும் கேட்ல சேத்து மாட்டிட்டு ரெண்டு ஆளா வேலை பாத்தான். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளத்துரை, ஒரு ஆளு ரெண்டு தடவை வரக்கூடாது, அதுக்கு ஏதாவது எழுதுன்னாரு. எழுதினேன். எல்லாரும் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

— ஒரு ஆளு ரெண்டு தபா வரக்கூடாது. சரி. நாங்க ரெண்டு ஆளு, ஒரு தபாதான வரோம்.

— எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியாது.

— ஆறு கட்டம் போதும்னு நீதான் சொன்னியா?

— அது பம்பாய். தலைமை ஆபீஸ்ல அளந்து குடுத்தாங்க. அங்க ஷா, மேத்தா, தேசாய். எல்லாம் ஆறுக்குள்ள படுத்துக்கிடும்.

— எங்க கோயில்ல ஒரு பேரு ஆறுக்குள்ள படுக்காது சார். கொஞ்சம் கால நீட்டும்.

— தெரியும். மாத்திப் பாத்தேன். பேருக்குப் பன்னெண்டு கட்டம்னு வரியைத் திருத்தி அனுப்பினேன். ஆனா அட்டையெல்லாம் பழைய அளவுல பஞ்ச் பண்ணினது. பேரு போயி பக்கத்துல இருக்கிற தேதியை முழுங்கிட்டு. பெயிண்ட் ஷாப் முப்பிடாதிக்கு வயசு நூத்திப்பத்துன்னு வந்துச்சு.

— அந்தாளப் பாத்தா அப்டித்தான் கீது.

— சிரிக்காத. எனக்கு வேலை போகாதது பெரிய விஷயம். அட்டை மொத்தத்தையும் புதுசா அடிச்சாத்தான் கட்டத்தைத் தொடலாம். அதுக்கு ஆளு தரமாட்டாங்க. வரியைத் தொடவும் விடமாட்டாங்க.

— நீ எழுதின வரிய நீ தொடக் கூடாதா?

— அது இப்ப பம்பாய்ல இருக்கு.

— அப்ப இது இன்னா? இவ்ளோ பெரிசா, ஏசி போட்டு வெச்சிகீறீங்க?

— இது ஓட்டை போடுற மிஷின். அது அடுக்குற மிஷின். யோசிக்கிறது அங்க. நாம அட்டையைப் பெட்டியில வச்சு பம்பாய் மெயில் ரயில்ல ஏத்துவோம். அங்கேருந்து பட்டியலா திரும்பி வரும்.

— ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டு அனுப்பு சார். இவங்க ரெண்டு பேரு, பாத்து பண்ணுங்கன்னு.

— போன தடவை வேற ஒருத்தனுக்கு எழுதிப் போட்டேன். பெட்டி திரும்பி வந்துச்சு. சீட்டு அடியில அப்படியே இருந்துச்சு, மடிச்ச மடிப்புக் கலையாம.

— இந்தப் பட்டியல்ல வராதவன் பர்மனென்ட் இல்ல. அவ்ளோதான?

— பர்மனென்ட் ஆகாதவனை மாசக் கடைசியில அனுப்பிருவாங்க. அதான் உத்தரவு. நான் உங்கிட்ட மறைக்கல.

— தேதிய மாத்து சார். மெய்யாலுமே எங்க தேதி வேற. அம்மா சொல்லும். நான் சனிக்கிழம ராத்திரி. அவன் ஞாயித்துக்கிழம, கோயில் மணி அடிக்கசொல்ல. நைனா இன்னா சொன்னாரு, ரெண்டையும் ஞாயித்துக்கிழமைன்னே எழுதிக்கங்க சாமி, ஆண்டவரு நாளுன்னு. ஞானஸ்நானச் சீட்டுல அதுதான் கீது.

— அப்ப கோயில்ல திருத்தி வாங்கிட்டு வா. நான் அட்டையை மாத்தி அடிக்கச் சொல்லுதேன்.

— போயிட்டுதான் வரேன். பழைய சாமியாரு செத்துப் பூட்டாரு. புச்சா வந்தவரு கோர்ட்டு பேப்பர் எடுத்துகினு வான்றாரு.

— கோர்ட்டுன்னா பெட்டி போயி, வந்து, மறுபடியும் போயிரும்.

— அப்டித்தான் நானும் நென்ச்சிகினே வந்தேன். சார், டைம்கீப்பரு நேத்து ஒண்ணு சொன்னாரு. ரெண்டுல எந்த அட்ட மேல கீதோ, அத்த மிஷின் எடுத்துக்கும்னு.

— ஆமா. முதல்ல உள்ளதை எடுத்துக்கிடும். ரெண்டாவதைத் துப்பிரும்.

— மேல எது கீது?

— டோக்கன் நம்பர் வரிசையிலதான் அடுக்கச் சொல்லியிருக்கேன். உன் டோக்கனை எடு, பாப்போம்.

— இந்தா.

— இது உன் நம்பர் இல்லையே. இது நாதன்.

— அது தம்பிது சார். ரெண்டையும் ஒரே ஆணில மாட்டி வெப்போம். காலைல அவன் என்னுத எடுத்துகினு பூட்டான். இன்னா அவசரமோ, கஞ்சி கூட குடிக்கல. அடிக்கடி இப்டி மாறும். கேட்ல கூட கண்டுக்க மாட்டாங்க, மூஞ்சி ஒண்ணுதான.

— இதுக்குத்தான்வே அந்த வரியை எழுதினேன்.

— ஏமாத்த இல்ல சார்.

— தெரியும், தெரியும். உன் நம்பர் எனக்கு ஞாபகம் இருக்கு. தம்பிக்கு ஒண்ணு முன்னால. அப்ப உன் அட்டைதான் மேல. நான் சொல்லுதது கேக்குதா? நீ இங்க வரவே இல்லைன்னு வச்சுக்க. பேசாம ஷெட்டுக்குப் போ. வேலை உனக்குத்தான்.

— தம்பிக்கு?

— அவன் அட்டையைத் துப்பிரும்.

— ரெண்டையும் மேல வைக்க முடியாதில்ல.

— ஒரு அட்டைக்கு மேல ஒரு அட்டைதான்ய்யா இருக்கும். என்ன, குளிருதா?

— இல்ல சார். ஐரீனும் இத்தயேதான் சொல்லிச்சு.

— ஐரீன் யாரு?

— என் சம்சாரம். நேத்து வூட்டுக்குப் போயி அதுங்கிட்ட மட்டும் சொன்னேன். டைம்கீப்பரு சொன்னது மொத்தத்தையும். அட்ட, மேல, கீழ, எல்லாம். வாயத் தொறக்காத, எது மேல கீதோ இருக்கட்டும், ஆண்டவரு பாத்துப்பாருன்னுச்சு. மெதுவாதான் பேசினோம். நடுவுல ஒரு ஓலத் தட்டிதான் சார். அந்தாண்ட தம்பி வூடு.

— அவனுக்குத் தெரியாதா?

— தெரியாது. தெரிஞ்சா இங்க வந்து தன்னுத கிழிச்சிப் போட்டுருவான். அப்டியாப்பட்டவன்.

— அப்ப தெரியவேண்டாம். போ.

— சார், அவன் தண்ணியப் பாத்தா நடுங்குவான். சின்ன வயசுல நைனாவோட கட்டுமரத்துல போயி கவுந்தோம். காசிமேட்டுக்கு நேரா. நைனா ஒரு பக்கம் பூட்டாரு. நான் இவன் மயிரப் புட்சி இஸ்துகினு வந்தேன். அத்தோட சரி. இன்னிக்கும் அலை சத்தம் ஜாஸ்தியா கேட்டா காதப் பொத்திப்பான். இந்த வேல இல்லன்னா அவன் எங்க போவான்? ஹார்பர்ல மூட்ட தூக்க நெஞ்சு பத்தாது. எனக்குக் கட்டுமரம் தெரியும்.

— தெரியும்னா? எத்தனை நாளாச்சு நீ கடலுக்குப் போயி?

— நாளாச்சுதான். மறக்குமா?

— புள்ளைங்க?

— ரெண்டு பொண்ணு. அவனுக்கு இன்னும் இல்ல. அவன் சம்சாரம் ரோசி இப்பதான் உண்டாயி கீது. மின்ன தங்கல. இது தங்கணும்னு ஐரீனே மெழுகுவத்தி ஏத்துது.

— ஆரோக்கியசாமி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டியா. நான் அந்த வரியை எழுதலைன்னா நீ இங்க நிக்க வேண்டியதில்ல. அதனால எனக்கு எதுவும் சொல்ல வாயில்ல. ஆனா நீயா கேட்டா, பெட்டியை நான் தொடமாட்டேன். அதுவா இருக்கிற மாதிரி இருக்கட்டும்.

— அதுவா இருந்தா நான் வாங்கிகினேன்னு ஆவாதா?

— ஆகாது. மிஷின் எடுத்துச்சு.

— மேல கீறது நான்னு தெரிஞ்சப்புறம், மிஷின் எடுத்துச்சுன்னு எப்டி சார் சொல்றது? தெரியாம இருந்திருந்தா சொல்லலாம்.

— நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

— தம்பிய மேல வை.

— நல்லா யோசி.

— தம்பிய மேல வை சார். ஜாஸ்தி நேரம் நின்னா மன்சு மாறிடும்.

— ஐரீன்கிட்ட என்ன சொல்லுவ?

— மிஷின் சொல்லிச்சும்பேன். நீ எங்கிட்ட சொன்ன மாதிரியே.

— சரி. ஜஹானாரா, சாப்பிட்டு வந்தாச்சா? நீ அடுக்கின அட்டைப் பெட்டியை இங்க கொண்டா.

— அதைச் சாக்கு சுத்தி, கட்டி, அரக்கு வச்சாச்சே சார். வண்டி வந்துடும். எதுக்கு?

— அவிழ்க்கணும். பாய்லர் ஷெட்டுல ரெண்டு அட்டை முன்னப்பின்ன மாத்தணும்.

— எந்த ரெண்டு அட்டை சார்?

— ஆரோக்கியா ரெண்டு. தம்பியை மேல வைக்கணும்ங்கான் இந்த ஆளு.

— அட, அண்ணனா. உள்ள இருட்டுல கவனிக்கல. வாங்கண்ணே. அதான் காலையிலயே மாத்திட்டேனே. மறுபடியும் கேக்க வந்தீங்களா? என்மேல நம்பிக்கை இல்லியா?

— காலையிலயா? எப்ப பிள்ள?

— சங்கு ஊதுறதுக்கு முன்னாடி சார். நீங்க இன்னும் வரல. இந்த அண்ணன்தான் கதவாண்ட நின்னுக்கிட்டு இருந்தாரு. தம்பி அட்டைய மேல வச்சிடும்மா, நான் கடலுக்குப் போயி பொழைச்சுக்குவேன்னு சொன்னாரு. எல்லாரும் தன்னுதை மேல வைங்கன்னுதான கேப்பாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்களைக் கேக்காம மாத்தினது தப்புதான் சார்.

— பேரு கேட்டியா?

— ஆரோக்கியசாமின்னாரு. சும்மா செய்யல சார். டோக்கனையும் வாங்கிப் பாத்துட்டுத்தான் செஞ்சேன்.

— டோக்கனா? ஏ, இரு. உன் டோக்கன் காலையிலேருந்து உங்கிட்டயே இல்லைன்னு இப்பதானய்யா நீ...

— பெட்டிய அவுக்க வாணாம் சார்.

— ஆரோக்கியசாமி, உன் தம்பி உன் பேரைச் சொல்லி...

— காலைல வந்ததும் நான்தான் சார். மிஷின வேணா கேட்டுப் பாரு.