காதுச் சோணை

காதுச் சோணைக்குத் தோடு மாட்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதனால்தான் நீங்கள் கொடுத்த கருவியின் கிளிப்பை அங்கே மாட்டினேன், டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் சோணையில் இருக்கும் சிவப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். மறைக்க எனக்கும் ஆசையில்லை.

அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் செத்துப்போன பிறகு, சோறு பொங்க ஆள் வேண்டும் என்று என்னைக் கட்டிக்கொண்டார். குறை சொல்ல முடியாத மனுஷன். ஆனால் ஒரு நாளும் என்னைச் செல்லமாகக் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா", "இங்க பாரு", அவ்வளவுதான். படியில் தொங்கும் பயணியைக்கூட இதைவிட உரிமையோடு திட்டியிருப்பார்.

பிறகு மறதி வந்தது. லேசான மறதிதான், சாவியை எங்கே வைத்தோம் என்கிற ரகம். ஒரு காலையில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "ஏய் வாலு, டீ போட்டியா?" என்றார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் என்னைப் பார்த்து வாலு என்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். குடித்துவிட்டு, அதற்கும் "வாலு" என்று சிரித்தார்.

அப்புறம் நீங்கள் அந்தக் கருவியைக் கொடுத்தீர்கள். "ஊசி இல்ல, கத்தி இல்ல. காதுக்குள்ள இந்தக் குழியில மாட்டுங்க. லேசான கரண்ட் நரம்பு வழியா மூளைக்குப் போகும். சிலருக்கு ஞாபகம் தேறும். சோணையில மாட்டுனா சுறுசுறுன்னு இருக்குமே தவிர பிரயோஜனமில்ல" என்றீர்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தினமும் குழியில்தான் மாட்டினேன். அவர் தேறினார். பழைய வழித்தடங்களை நிறுத்தம் நிறுத்தமாக ஒப்பித்தார். என்னைத் திரும்பவும் "இந்தாம்மா" என்றார்.

"வாலுன்னு கூப்பிடுவீங்களே" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "அது அவ பேராச்சே. உன்னையா அப்படிக் கூப்பிட்டேன்?" என்றவர், பரணிலிருந்து முதல் தாரத்தின் படத்தை இறக்கித் துடைத்துக் கூடத்தில் மாட்டினார்.

உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் குடுமிப்பிடிச் சண்டை போடலாம். செத்தவளோடு எப்படி மல்லுக்கட்டுவது? மறுநாள் கிளிப்பைச் சோணையில் மாட்டினேன்.

"இங்கயா மாட்டுவாங்க?"

"டாக்டரம்மா மாத்தச் சொன்னாங்க."

"நீ சொன்னா சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தேறவில்லையே என்று நீங்கள் கரண்டைக் கூட்டினீர்கள். சோணை சிவந்தது. எண்ணெய் தடவிவிட்டேன். நான் மனசாட்சி உள்ளவள். கடைக்குப் போனவர் வழி தெரியாமல், தான் பேருந்து ஓட்டிய தடத்திலேயே ஒரு நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதார். கைபிடித்துக் கூட்டி வந்தது நான்தான். "வாலு, வந்துட்டியா" என்றார். கூடத்துப் படத்தைக் காட்டி அது யார் என்று கேட்டார். படத்தைக் கழற்றிவிட்டேன்.

நேற்று டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "வாலு, இந்த வீட்டுல ஒருத்தி இருந்தாளே, சிரிக்கவே மாட்டா. அவ எங்க?"

"போயிட்டா. இனிமே வரமாட்டா."

"அடடா. நல்லவ. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தேன். என்னன்னு மறந்துபோச்சு."

என்னிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

அது எனக்கு வரவேண்டிய வார்த்தை, டாக்டரம்மா. கருவியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளைக்குக் குழியிலேயே மாட்டுகிறேன். அவர் அதைச் சொல்லி முடித்ததும் பழையபடி சோணைக்கே மாற்றிவிடுகிறேன்.